பச்சை மைக் கையெழுத்து

போன் வந்தபோது தோமினிக் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால். மனைவி இன்னாசிமேரி அந்தோணியார் நவநாளுக்குக் கோயிலுக்குப் போயிருந்தார்.

"தோமினிக்கா?"

"ஆமா, சொல்லுங்க."

"ராசிபுரம் ஸ்டேஷன்ல இருந்து பேசறேன். போன மாசம் வெண்ணந்தூர்ப் பக்கம் தெரு நாடகம் போட்டீங்களே, அதுல தாசில்தாரா நடிச்சது நீங்கதானே?"

"ஆமாங்க."

"ஒரு பொம்பள குடுத்த மனுவுல தாசில்தார்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்கன்னு புகார் வந்திருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. ஆதார் எடுத்துக்கங்க."

"அது நாடகத்துல..."

"வாங்க, பேசிக்கலாம்."

அறுபத்தொரு வயதுக்குள் தோமினிக் பதினான்கு முறை இன்ஸ்பெக்டராக நடித்திருக்கிறார். 'வாங்க, பேசிக்கலாம்' என்ற வசனத்தையே மூன்று படங்களில் பேசியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் 'வாங்க'வுக்குப் பிறகு ஒரு மூச்சு நிறுத்தி, கண்ணைச் சுருக்கி. இந்த ஆள் டீ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதுதான் பயமாக இருந்தது. நிஜமான ஆளுக்கு மிரட்ட வேண்டிய தேவையே இல்லை.

இன்னாசிமேரி திரும்பி வந்தபோது, உரித்த வெங்காயங்களையே அவர் மறுபடி உரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் பட்டாணி அளவுக்கு வந்திருந்தது.

"ஏங்க, வெங்காயம் விக்கிற வெலைக்கு இது என்ன வேலை?"

தோமினிக் சொன்னார். இன்னாசிமேரி செருப்பைக் கழற்றாமலேயே உள்ளே வந்து உட்கார்ந்தார். முப்பத்தாறு வருடக் குடும்பத்தில் அவர் அப்படிச் செருப்போடு வந்தது அன்றுதான்.

"பச்சை மைல போட்டீங்களா?"

"ஆமா."

"அய்யோ மாதாவே" என்றார் இன்னாசிமேரி. இருபத்தெட்டு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்துக்காக எத்தனை அலுவலக வாசலில் எத்தனை மதியம் நின்றிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும்.

*

தோமினிக்கின் அப்பா சவரிமுத்து சேலத்தில் கலெக்டர் அலுவலகத்தில் தபேதாராக இருந்தவர். வெள்ளைச் சட்டை, குறுக்கே சிவப்புப் பட்டை, கதவோரத்தில் நிற்பது. பள்ளி விடுமுறையில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் தோமினிக், திறந்திருக்கும் கதவு வழியாக அதிகாரிகளைப் பார்ப்பான். அவர்கள் நிமிராமலே 'ம்' என்பார்கள். எதிரில் நிற்பவர் பேசி முடிக்கும் முன்பே அடுத்த காகிதத்தைத் தொடுவார்கள். பேனா மூடியைக் கழற்றிப் பின்பக்கம் மாட்டும்போது அந்த அறையே காத்திருக்கும். மாலையில் வீட்டுக்கு வந்து தங்கைகளை வரிசையில் நிற்கவைத்து அதையெல்லாம் செய்து காட்டுவான்.

அரிசிபாளையத்துப் பங்குக் கோயிலில், ஏசு சிலுவையில் அறையப்படும் பாஸ்கு நாடகம் போட்டபோது பத்தொன்பது வயதுத் தோமினிக்குக்குத் தீர்ப்புச் சொல்லும் ஆளுநர் பிலாத்து வேடம். ஒத்திகை முடிந்து அங்கியோடு வீட்டுக்கு வந்தான். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த சவரிமுத்து சட்டென்று பாதி எழுந்துவிட்டார். பிறகு மகன்தான் என்று தெரிந்து, வேட்டியைச் சரிசெய்வதுபோல ஏதோ செய்துவிட்டு உட்கார்ந்தார். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

பிறகு செவ்வாய்ப்பேட்டையில் ஒரு லாரி பார்சல் ஆபீசில் முப்பது வருடம் கிளார்க். இடையிடையே சினிமா. நாற்பத்தொரு படங்கள், ஆறு சீரியல்கள். எதிலும் அவருடைய பாத்திரத்துக்குப் பெயர் கிடையாது. இன்ஸ்பெக்டர், டாக்டர், ஜட்ஜ், ஹெட்மாஸ்டர், தாசில்தார். பெரும்பாலும் ஒரு காட்சி, அதிகம் போனால் இரண்டு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு 'நாங்க எவ்வளவோ முயற்சி பண்ணோம்' என்று மட்டும் ஒன்பது முறை சொல்லியிருக்கிறார். "உங்களுக்கு கவர்மெண்டு மூஞ்சி சார்" என்று ஓர் உதவி இயக்குநர் சொன்னதை, இன்னாசிமேரி வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் பயன்படுத்துவார்: "கவர்மெண்டு மூஞ்சியக் காட்டாதீங்க. ரேஷன் கடைக்குப் போயிட்டு வாங்க."

ராசிபுரத்து விசைத்தறித் தொழிலாளர் சங்கத்து மணியன்தான் அவரைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர். இருபத்திரண்டு வருடமாக இருவரும் சேர்ந்து நாடகம் போடுகிறார்கள். வரதட்சணை, குழந்தைத் திருமணம், போர்வெல் ரிக் வண்டிப் பையன்களின் நுரையீரலில் சேரும் தூசி. நாமக்கல் லாரி ஸ்டாண்டில் எய்ட்ஸ் நாடகம் போட்டபோது, குடித்திருந்த ஒருவர் செருப்பை வீசினார். டாக்டராக நின்றிருந்த தோமினிக் குனிந்து அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒத்தைய வச்சு நான் என்ன பண்றது? ஜோடி எங்க?" என்றார். ஸ்டாண்டே சிரித்தது. திரும்பும் வேனில் அவர் கைகள் நடுங்கி, மணியன்தான் அவருக்குச் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டார்.

அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வேஷம் போட்டிருந்தால் தோமினிக்குக்குப் பயம் கிடையாது. வேஷம் கலைந்தால், நாய் படுத்திருக்கும் சந்தில்கூட நுழைய மாட்டார். கரண்டு பில் ரீடிங் எடுக்க வருபவர் குரல் உயர்த்தினால் உள்ளே போய்விடுவார்.

*

போன மாதத்து நாடகம் சாயத் தண்ணீரைப் பற்றியது. சாயப்பட்டறைக் கழிவை டேங்கர் லாரியில் கொண்டுவந்து ஓடையில் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். பக்கத்துக் கிணறுகளில் நிறம் இறங்குகிறது. நாடகத்தில் தோமினிக் தாசில்தார். ஒவ்வொருவராக மனு கொடுப்பார்கள். அவர் நிமிராமல் 'ம்' என்று வாங்கி, கையெழுத்துப் போட்டு, நாற்காலியில் தமக்கடியில் வைத்து உட்கார்ந்துகொள்வார். மனு சேரச் சேர அவர் உயர்ந்துகொண்டே போவார். கடைசியில் கால் தரையைத் தொடாமல் தொங்கும். குழந்தைகளுக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும்.

கையெழுத்துக்கு மணியன் சாதாரண நீலப் பேனாதான் கொடுத்தார். "தாசில்தார் நீலத்துல போடுவாரா? எங்கப்பா பாத்தா சிரிப்பாரு" என்று தோமினிக்தான் போய் பச்சைப் பேனா வாங்கிவந்தார்.

வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் புளியங்காட்டுவளவு என்ற சிற்றூர். மாலை ஐந்து மணி. நூறு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது மனு வாங்கி முடித்ததும், கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வட்டத்துக்குள் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்சட்டை, காட்டு வேலையிலிருந்து நேராக வந்த கோலம். கையில் ஒரு காகிதம்.

கூட்டம் சிரித்தது. அவரையும் நாடகத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்று பாதிப் பேரும், முத்தாயம்மாள் குறும்பு செய்கிறார் என்று மீதிப் பேரும் நினைத்தார்கள். தோமினிக் 'ம்' என்று வாங்கினார். வாங்கியவர், நாடகத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார். படித்தார்.

"கிணறு எத்தனை அடி?"

"அறுபதுங்க."

"தண்ணி என்ன நிறம்?"

"அது கெழமையப் பொறுத்துங்க சாமி. திங்கக்கெழமை செவப்பு, வியாழக்கெழமை நீலமுங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தோமினிக் சிரிக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றிப் பின்பக்கம் மாட்டினார். சிரிப்பு அடங்கி, நூறு பேரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். மனுவின் ஓரத்தில் 'உரிய நடவடிக்கைக்கு' என்று எழுதி, கையெழுத்திட்டு, கீழே 'வட்டாட்சியர்' என்று எழுதித் தேதி போட்டார். அதை நாற்காலியில் வைக்காமல் முத்தாயம்மாளிடமே திருப்பிக் கொடுத்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"என்னா மனுசன்யா நீ" என்றார் மணியன், வேனில்.

அதற்குப் பிறகு நடந்ததை மணியன் இந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் போனில் சொன்னார். முத்தாயம்மாள் அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, சாயப்பட்டறை மேனேஜர் காளியண்ணனிடம் நேரே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். 'தாசில்தார் கையெழுத்துப் போட்டுட்டாரு, இனி லாரி வந்தா பாரு.' காளியண்ணன் பயந்துபோய் லாரியை நிறுத்தியிருக்கிறார். இருபத்திரண்டு நாள் ஓடையில் ஒரு சொட்டு சாயம் இறங்கவில்லை. பிறகு அவர் தாலுகா ஆபீசில் விசாரித்திருக்கிறார். அங்கே அது யார் கையெழுத்து என்று யாருக்கும் தெரியவில்லை. ஊரில் கேட்ட பிறகுதான் நாடகத்தில் போட்டது என்று தெரிந்திருக்கிறது.

"இப்ப உன்மேலயும் அந்தம்மா மேலயும் சேத்துப் புகார் குடுத்திருக்கான்" என்றார் மணியன். "நீ ஆள்மாறாட்டமாம். அந்தம்மா போலி ஆவணத்தக் காட்டி மிரட்டுச்சாம். நான் வக்கீலப் பாக்கறேன். நீ தைரியமா இரு."

தைரியமாக இருப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தோமினிக்குக்குத் தெரியவில்லை. சினிமாவில் பேசியதால் நானூற்று இருபது தெரியும், முந்நூற்று இரண்டு தெரியும். இப்போது சட்டத்தில் எண்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள். தம்மீது பாயப்போவது எந்த எண் என்றுகூடத் தெரியாமல் இருப்பது, இருட்டில் படிக்கட்டில் காலை வைப்பதுபோல இருந்தது.

*

நான்கு மணிக்குக் காளியண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் இரண்டு போன், கையில் ஆப்பிள் பை. செருப்பை வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்து, இன்னாசிமேரியையும் கும்பிட்டார்.

"ஏனுங்கண்ணா, எங்களுக்கு உங்ககூட என்னங்க சண்டை? உங்க படமெல்லாம் எங்க ஊட்டுல பாப்பாங்க. எங்க சண்டை அந்தப் பொம்பளகூடங்க."

தோமினிக் உட்காரச் சொல்ல மறந்து நின்றுகொண்டிருந்தார். காளியண்ணன் தாமாகவே உட்கார்ந்தார்.

"நாளைக்கி ஸ்டேஷன்ல ஒரே வார்த்தைங்க. கையெழுத்து என்னுது இல்லைன்னு சொல்லிப்போடுங்க. உங்கள அப்பவே அனுப்பிருவாங்க. அந்தம்மா வேற யாரையோ வச்சுப் போட்டுக்கிச்சுன்னு ஆயிரும்."

"அத்தனை பேரு பாத்தாங்களே" என்றார் தோமினிக்.

"போடற மாதிரி நடிச்சீங்க. பேனா ஓடுச்சா இல்லியான்னு அவ்வளவு தூரத்துல யாருங்க பாத்தா? செல்லுல ஒரு பையன் வீடியோ எடுத்திருக்கான், அதயும் பாத்துட்டுத்தானுங்க வந்தேன். கை அசையறது தெரியுது. எழுத்துத் தெரியல."

இன்னாசிமேரி டீ கொண்டுவந்து வைத்தார். காளியண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த கல்லூரிப் பட்டமளிப்புப் படத்தைப் பார்த்தார்.

"பாப்பா பேரு ஜெனிட்டாதானுங்க? நாமக்கல்லுல பேங்க்ல இருக்குது. எங்க பட்டறைக் கணக்கும் அங்கதானுங்க. நல்ல புள்ள. சாயங்காலம் ஆறரைக்குத் தனியாத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும்."

அவ்வளவுதான் சொன்னார். டீயை முழுக்கக் குடித்து, டம்ளரைச் சத்தம் வராமல் வைத்து, "வாரனுங்க சாமி" என்று கிளம்பினார். அந்த டம்ளரை இன்னாசிமேரி வெகுநேரம் கழுவினார்.

முதல் வேலையாக மகள் ஜெனிட்டாவுக்குப் போன் போட்டு, இந்த வாரம் அத்தை வீட்டிலேயே தங்கிக்கொள்ளச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, "அப்பாவுக்குச் சளி" என்றார்.

பிறகு வந்து தோமினிக்குக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"உங்களுது இல்லைன்னு சொல்லிருங்க."

"அந்தம்மா?"

"அந்தம்மாவுக்கு ஊரு இருக்கு, சனம் இருக்கு. சங்கத்துக்காரங்க பாத்துப்பாங்க. நமக்கு இருக்கறது ஒரே புள்ள."

தோமினிக் தலையாட்டினார். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். சொன்னால் கையெழுத்துப் போட்டுக் காட்டச் சொல்வார்களே என்று அடுத்த பயம் வந்தது. பழைய காலண்டர் தாளைக் கிழித்து, வேறு மாதிரிக் கையெழுத்துப் போட்டுப் பழகினார். வலப்பக்கம் சாய்த்து, இடப்பக்கம் சாய்த்து, கோடு போடாமல், சுழி இல்லாமல். ஜூலையும் ஆகஸ்டும் நிறைந்தன.

இன்னாசிமேரி எடுத்துப் பார்த்தார். "கோழி கிளறுன மாதிரி இருக்கு. நானும் எவ்வளவோ ரெஜிஸ்டர் பாத்தவ. கை தயங்கின கையெழுத்து பாத்தாலே தெரியும்."

"மேரி, அது நெசமான மனுன்னு எனக்குத் தெரியும்."

"எப்ப?"

"வாங்குனப்பவே. நம்ம நாடகத்து மனுவெல்லாம் வெறும் தாள். அதுல ஆதார் ஜெராக்ஸ் பின் அடிச்சிருந்துச்சு. பட்டா நகல் இருந்துச்சு."

"அப்புறம் எதுக்குப் போட்டீங்க?"

தோமினிக் காலண்டர் தாளை மடித்தார். "கூட்டம் அப்படிப் பாத்துச்சு. நாப்பது வருசத்துல அப்படி யாரும் என்னப் பாத்ததில்ல."

இன்னாசிமேரி மடித்த தாளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு, "இத மட்டும் அங்க போய் உளறிராதீங்க" என்று எழுந்துபோனார்.

*

மறுநாள் இருவரும் ராசிபுரம் பஸ்ஸில் ஏறினார்கள். "நீ எதுக்கு?" என்று தோமினிக் ஒருமுறை கேட்டார். இன்னாசிமேரி பதில் சொல்லாமல் டிபன் பாக்சைப் பையில் வைத்தார். உள்ளே வைத்துவிட்டால் சாப்பாடு யார் கொடுப்பார்கள் என்ற கணக்கு அது என்று இருவருக்கும் தெரியும். மல்லூர் தாண்டும்வரை தோமினிக்கின் முழங்கால் முன்சீட்டில் இடித்துக்கொண்டே வந்தது. முன்சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

ஸ்டேஷன் சினிமாவில் இருப்பதைவிடச் சிறியதாக இருந்தது. வாசலில் வேப்பமரம், கேஸில் பிடித்த டூவீலர்கள், ஒரு பெஞ்சு. பெஞ்சில் முத்தாயம்மாள் உட்கார்ந்திருந்தார். அன்று போட்டிருந்த அதே ஆண்சட்டை, துவைத்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

மணியன் அனுப்பிய வக்கீல் இன்னும் வரவில்லை. நாமக்கல் கோர்ட்டிலிருந்து வந்துகொண்டே இருப்பதாகப் போனில் சொன்னார்.

"அம்மா" என்றார் தோமினிக். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது. "நான் நெசமான தாசில்தார் இல்லீங்க. உங்கள ஏமாத்தணும்னு..."

"அது தெரியாதுங்களா எனக்கு?" என்றார் முத்தாயம்மாள். உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தாசில்தாரு புளியங்காட்டுவளவுக்கு வந்து எதுக்குங்க கூத்தாடறாரு? நான் என்ன கிறுக்கியா?"

இன்னாசிமேரிதான் கேட்டார். "அப்புறம் எதுக்கும்மா குடுத்தீங்க?"

"ஏழு மனு குடுத்தனுங்கம்மா. ஒருத்தராவது படிச்சாங்களா? சும்மா வெளையாட்டுக்குத்தான் எந்திரிச்சுப் போனேன். இவரு படிச்சுப்போட்டு, கெணறு எத்தன அடின்னு கேட்டாரு பாருங்க." சட்டை நுனியை முறுக்கினார். "ஊட்டுக்கு வந்து பாத்தா, பச்சை மை அப்படி இருந்துச்சு. நமக்கே பயம் வருது, காளியண்ணனுக்கு வராதான்னு நெனச்சேன். வந்துச்சு. எருமை இருவது நாளு நல்ல தண்ணி குடிச்சுச்சு."

பிறகு, முதல் முறையாகத் தோமினிக்கின் முகத்தை நேராகப் பார்த்தார். "தெரிஞ்சுதான் காட்டுனேன்னு உள்ள சொல்லிப்போடாதீங்க சாமி. என்னைப் புடிச்சு வச்சுட்டா எருமைக்கு ஆளில்ல."

இன்னாசிமேரி கணவரின் கையைக் கிள்ளினார். அதன் பொருள் தோமினிக்குக்குப் புரிந்தது. பார்த்தீர்களா, அந்தம்மா தெரிந்தேதான் செய்திருக்கிறார், இனி நீங்கள் எதற்குப் பாவம் பார்க்க வேண்டும் என்பது. அவருக்கும் ஒரு கணம் அப்படியே தோன்றியது. மூச்சு லேசாயிற்று. கையெழுத்து என்னுடையது இல்லை. மூன்று சொல் போதும். பஸ் ஏறிப் பன்னிரண்டு மணிக்கு வீட்டில் இருக்கலாம்.

"தோமினிக் யாரு? உள்ள வாங்க."

*

எஸ்.ஐ. நர்மதாவுக்கு முப்பது வயது இருக்கலாம். மேசைமேல் மூக்கடைப்பு மருந்து இருந்தது. காளியண்ணன் ஏற்கெனவே ஓரத்தில் உட்கார்ந்து, தெரியாதவரைப் பார்ப்பதுபோலத் தோமினிக்கைப் பார்த்தார்.

"உங்கள எங்கயோ பாத்திருக்கேனே" என்றார் நர்மதா. "ஏதோ படத்துல டாக்டரா வருவீங்க இல்ல? அந்தப் பொண்ணு செத்துப்போயிரும்."

"ஆமாம்மா. மேடம்."

"உக்காருங்க." முத்தாயம்மாளிடம் வாங்கி வைத்திருந்த மனுவைக் கவரோடு நகர்த்தி வைத்தார். "இது உங்க கையெழுத்தா?"

தோமினிக் அதைப் பார்த்தார். பச்சை மை சற்றும் மங்கவில்லை. காளியண்ணன் ஒரு போனை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் பையில் போட்டார்.

"தெ... தெரியல மேடம்."

"தெரியலையா? போட்டீங்களா போடலையா?"

"சரியா ஞாபகம் இல்ல."

நர்மதா ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் தந்தார். "அதே மாதிரி மூணு தடவ போடுங்க. 'உரிய நடவடிக்கைக்கு'ன்னும் எழுதுங்க."

தோமினிக் எழுதினார். வேண்டுமென்று எதையும் மாற்றவில்லை. மாற்ற நினைக்கக்கூட மனம் இடம் கொடுக்கவில்லை. கை உதறியது. 'உ' உடைந்தது. கையெழுத்தின் நீண்ட கோடு பாம்புபோல நெளிந்து தாளைவிட்டு மேசையில் ஓடியது. மூன்றும் மூன்று மாதிரி. முந்தின நாள் இரண்டு மாதக் காலண்டர் தாள் நிறைய எழுதிப் பார்த்தும் வராதது இப்போது தானாக வந்திருந்தது.

நர்மதா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒண்ணும் ஒத்துவரலையே."

"அதத்தானுங்க மேடம் நானும் சொன்னேன்" என்றார் காளியண்ணன். "அந்தப் பொம்பள யாரையோ வச்சுப் போட்டிருக்குதுங்க."

நர்மதா வாசல் பக்கம் குரல் கொடுத்தார். "அந்த முத்தாயம்மாள வரச் சொல்லுங்க. பொம்பள போலீஸ் யாராவது வாங்க இங்க."

கதவு வழியே பெஞ்சு தெரிந்தது. முத்தாயம்மாள் எழுந்து நின்றார். இன்னாசிமேரியிடம் என்னவோ சொல்லிக்கொண்டே, செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்கடியில் தள்ளினார். பிறகு வந்து, நிலைப்படிக்கு வெளியே, கதவோரத்தில் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, உள்ளே இருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்காக.

தோமினிக்குக்கு அந்த நிற்பு தெரியும், அப்பாவிடம் பார்த்தது.

"மேடம்" என்றார். "என்கிட்ட என் பேனா இருக்கு. அதுல போடறேன்."

"எதுக்கு?"

"இன்னொரு தடவ."

நர்மதா தோளைக் குலுக்கினார். தோமினிக் சட்டைப்பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தார். கை இன்னும் உதறிக்கொண்டுதான் இருந்தது. கண்ணை மூடினார். பிறகு நாற்காலியில் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தார். முதுகு நிமிர்ந்தது. தோள் இறங்கியது. கண்ணைத் திறந்தபோது அவர் யாரையும் பார்க்கவில்லை. இடது கையால் தாளைத் தம் பக்கம் இழுத்து, அது அவருடைய மேசை என்பதுபோல மருந்துப் புட்டியை ஓரமாக நகர்த்தினார்.

"ம்" என்றார்.

நர்மதா கிட்டத்தட்ட எழுந்தேவிட்டார்.

பேனா மூடி கழன்றது, பின்பக்கம் ஏறியது. 'உரிய நடவடிக்கைக்கு.' ஒரே இழுப்பில் கையெழுத்து. கீழே 'வட்டாட்சியர்'. தேதி. கை கல்லாக இருந்தது. மூன்று முறை போட்டார். மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் பொருந்தும். தாளை நர்மதா பக்கம் தள்ளிவிட்டு மூடியைப் போட்டார்.

மூடியைப் போட்டதும் கை மறுபடி உதற ஆரம்பித்தது. மேசைக்குக் கீழே கொண்டுபோய்த் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

"என்னுதுதான் மேடம்" என்றார், பழைய குரலில். "அது நெசமான மனுன்னு தெரிஞ்சேதான் போட்டேன்."

காளியண்ணன் தரையைப் பார்த்தார்.

"அந்தம்மாவுக்கு?" என்றார் நர்மதா. "நீங்க தாசில்தார் இல்லைன்னு அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

கதவோரத்தில் முத்தாயம்மாள் அசையவில்லை.

"நான் நம்பற மாதிரிதான் நடிச்சேன் மேடம். இப்ப நீங்களே பாத்தீங்க."

நர்மதா மூக்கை உறிஞ்சினார். பிறகு எழுத்தரைக் கூப்பிட்டு வாக்குமூலம் எழுதச் சொன்னார். அது முடிய ஒரு மணி நேரமானது. நடுவில் வந்து சேர்ந்த வக்கீல், எழுதியதைப் படித்துப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கேஸா, எச்சரிச்சு விடறதான்னு டி.எஸ்.பி. ஐயா சொல்லணும்" என்றார் நர்மதா. "கூப்பிடறப்ப வரணும். சொல்லாம ஊர விட்டுப் போகக்கூடாது. ஷூட்டிங்னாலும்தான். அந்தம்மா இப்போதைக்குச் சாட்சி. இந்த மனுவும் பேனாவும் இங்க இருக்கும். மனுவ தாலுகா ஆபீசுக்கு அனுப்பி, இது அவங்க கையெழுத்து இல்லைன்னு தாசில்தார்கிட்ட எழுதி வாங்கணும்."

"மனுவ எதுக்குங்க மேடம் அங்க அனுப்பிக்கிட்டு?" என்று காளியண்ணன் அவசரமாக எழுந்தார். "ஜெராக்ஸ் போதாதுங்களா?"

"புகார் குடுத்தது நீங்கதானே? ஒரிஜினல்தான் போகணும்."

தோமினிக் எழுந்தார். உட்கார்ந்துவிட்டார். மறுபடி எழுந்தார். ஜெனிட்டாவைப் பற்றிக் காளியண்ணன் பேசியதைச் சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தார், வரவில்லை. அதை இன்னாசிமேரி சொன்னார், வாசலில் நின்றபடியே, தேதியும் நேரமும் டீ குடித்ததும் உட்பட. நர்மதா அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்க டீக்கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"அப்ப என்ற மனு தாசில்தாரு மேசைக்குப் போகுமுங்களா?" என்றார் முத்தாயம்மாள்.

"போகும்" என்றார் இன்னாசிமேரி. "படிக்கிறாரோ என்னவோ."

"போலீசு குடுத்தாப் படிச்சுத்தானுங்க ஆகோணும்." முத்தாயம்மாள் யோசித்தார். "லாரி இனி வருமுங்க. இன்னைக்கே வந்தாலும் வரும். உங்களுக்கு ஜெயிலுங்களா சாமி?"

"தெரியலம்மா" என்றார் தோமினிக்.

டீ வந்தது. தோமினிக் டம்ளரை எடுத்தார். அது பெஞ்சில் கடகடவென்று அடித்து, பாதி டீ வேட்டியில் சிந்தியது. இன்னாசிமேரி அதை அவர் கையிலிருந்து வாங்கித் தம் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஆறட்டும்" என்றார்.